பள்ளிக்கூடம் தந்த பிறந்தநாள்

வடசென்னையில் ராயபுரம் கல்மண்டபத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை கடலை ஒட்டிச் செல்லும் தெருக்களில், அறுபது வயதைக் கடந்த ஒருவரிடம் ஏதேனும் ஒரு விண்ணப்பத்தை நிரப்புவதற்காகப் பிறந்த தேதியைக் கேட்டால், அவர் உடனே பதில் சொல்லிவிடமாட்டார், "எது வோணும் சார், வூட்ல சொன்னதா, ஸ்கூல்ல குடுத்ததா?" என்று முதலில் கேட்பார். அந்தக் கேள்வியில் வேடிக்கையும் இல்லை, மறதியும் இல்லை. ஒரு மனிதருக்கு இரண்டு பிறந்தநாட்கள் இருப்பதும், அவற்றில் ஒன்று தாயின் ஞாபகத்திலும் மற்றொன்று தலைமையாசிரியரின் சேர்க்கைப் பதிவேட்டிலும் வாழ்வதும் இப்பகுதியில் மூன்று தலைமுறையாக இயல்பாகிவிட்ட ஒரு காரியம். வீட்டில் சொன்ன தேதி ஐப்பசி, மார்கழி, மாசி என்று வருஷம் முழுவதும் பரவிக் கிடக்கும். பள்ளிக்கூடத்தில் கொடுத்த தேதியோ பெரும்பாலும் மே மாதத்திலோ ஜூன் மாதத்திலோ வந்து நிற்கும். இப்படி ஓர் ஊரின் குழந்தைகள் எல்லாம் கோடைக்காலத்திலேயே பிறந்ததுபோல் ஏட்டில் எழுதப்பட்டது ஏன், அவ்வாறு எழுதப்பட்டதனால் அவர்களுடைய குடும்பங்களில் நேர்ந்தது என்ன என்பதையே இங்கே சொல்ல விரும்புகிறேன்.

பிறந்த மாதத்தைப் பற்றிய கவலை நம் நாட்டில் பள்ளிக்கூடத்துக்கு மிகவும் முற்பட்டது. புதிதாக மணமான பெண்ணை ஆடி மாதம் பிறப்பதற்கு முன்பே தாய்வீட்டார் வந்து அழைத்துக்கொண்டு போய்விடுவதும், ஆடி முடியும்வரை தம்பதிகள் பிரிந்திருப்பதும் தமிழகம் எங்கும் உள்ள சம்பிரதாயம். ஆடியில் கரு உண்டானால் சித்திரையில் பிரசவம் நேரும். சித்திரையில் பிறந்த பிள்ளை, அதிலும் தலைப்பிள்ளை, குடிக்கு ஆகாது, தகப்பனைத் தெருவில் நிறுத்திவிடும் என்று பெரியவர்கள் சொல்லிவந்தார்கள். அந்தப் பேச்சில் உள்ள பயத்தை நான் ஏற்கவில்லை. ஒரு பாவமும் அறியாத குழந்தையின் தலையில் குடும்பத்தின் கஷ்டங்களை எல்லாம் ஏற்றிவைத்த பேச்சு அது. ஆயினும் அதன் அடியில் ஒரு பழைய அனுபவம் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. சித்திரையும் வைகாசியும் அக்கினி நட்சத்திரத்தின் மாதங்கள்; அம்மை பரவும் காலமும் அதுவே; கிணறுகள் வற்றி, குடிநீருக்கே திண்டாட்டமான குடிசைப் பகுதிகளில் பச்சை உடம்புக்காரியையும் பச்சைக் குழந்தையையும் அந்த வெக்கையில் வைத்துக் காப்பாற்றுவது எளிதாக இருந்திருக்காது.

கடற்கரைக் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கில் இன்னொரு வரியும் சேர்ந்தது. உழவனுக்கு மாதம் நிலத்தைக் காட்டுகிறது; மீனவனுக்கு மாதம் காற்றையும் நீரோட்டத்தையும் காட்டுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் புயலும் வந்துவிட்டால் நாட்கணக்கில் கடலுக்குப் போக முடியாது. அந்த மாதங்களில் பிள்ளை பெறுகிறவள் கையில் காசில்லாத வீட்டில் பிள்ளை பெறுகிறாள். நம் காலத்தில் சித்திரையும் அந்த வரிசையில் சேர்ந்துகொண்டது. கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு விதிக்கப்படும் மீன்பிடித் தடைக்காலம் முதலில் 45 நாட்களாக இருந்து, 2017 முதல் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 முடிய 61 நாட்களாக நீட்டப்பட்டிருக்கிறது. அதாவது, ஏறக்குறைய சித்திரை முதல் தேதியிலிருந்து வைகாசி கடைசி வரையில் காசிமேட்டுத் துறைமுகத்தின் விசைப்படகுகள் கரையிலேயே கட்டிக் கிடக்கின்றன. மீன்வளம் பெருகுவதற்காக விதிக்கப்பட்ட அந்த ஓய்வு நியாயமானதே. ஆனால் தடை நீங்கிப் படகு கடலுக்குப் போய்த் திரும்புவதற்கு முன்பே ஜூன் மாதத்தில் பள்ளிக்கூடம் திறந்துவிடுகிறது. கட்டணமும் நோட்டுப் புத்தகமும் காலணியும் வாங்குவதற்குத் தண்டல்காரனிடம் கைநீட்டாத வீடு அப்போது குறைவு.

இனிப் பள்ளிக்கூடத்துக்கு வருவோம். நம்முடைய பழைய திண்ணைப் பள்ளிகளுக்குக் குழந்தை எந்த மாதத்தில் பிறந்தது என்பது ஒரு தடையாக இருந்ததே இல்லை. சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்த ஸர் தாமஸ் மன்றோ 1822-இல் மாகாணத்தின் கல்வி நிலையைப் பற்றி எல்லா ஜில்லாக் கலெக்டர்களிடமும் விவரம் கேட்டார். அவர்கள் அனுப்பிய கணக்கின்படி மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள் இருந்தன என்பது பலர் எடுத்துச் சொல்லும் செய்தி. எனக்கு அதைவிட அருமையாகத் தோன்றுவது ராஜமுந்திரிக் கலெக்டர் தம் பதிலில் குறித்தனுப்பிய ஒரு சிறு விஷயம்: பையனுக்கு ஐந்தாம் வயதில், ஐந்தாம் மாதத்தில், ஐந்தாம் நாளில் பள்ளிப் பிரவேசம் செய்விப்பதே அங்கே சுபமாகக் கருதப்பட்டது. இந்த நியதியைச் சற்று நின்று யோசித்துப் பார்க்கவேண்டும். தையில் பிறந்த பிள்ளைக்கு ஒரு நாள், ஆவணியில் பிறந்த பிள்ளைக்கு இன்னொரு நாள். குழந்தையின் ஜனனத்தை வைத்துப் பள்ளிக்கூடம் தன் வாசலைத் திறந்ததே ஒழிய, பள்ளிக்கூடம் திறக்கும் நாளை வைத்துக் குழந்தை பிறந்திருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. நம் பக்கத்தில் விஜயதசமி அன்று ஏடு தொடங்குவித்தார்கள் என்றாலும், அன்று தவறினால் ஒரு வருஷம் வீண் என்ற நிலை இல்லை. நல்ல நாள் பார்த்து எப்போது வேண்டுமானாலும் உபாத்தியாயரிடம் கொண்டுபோய் விடலாம்.

அது சாத்தியமானதற்குக் காரணம், அங்கே வகுப்பு என்ற ஒன்று இல்லாததுதான். மணலில் விரலால் அரிச்சுவடி எழுதும் சிறுவனும், எண்சுவடி ஒப்பிக்கும் சிறுவனும், நிகண்டு பாடம் செய்யும் பையனும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். சட்டாம்பிள்ளை சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். அவனவன் தன் சுவடியை முடித்த அன்றே அடுத்த சுவடிக்குப் போனான். நம் சென்னையிலேயே, எழும்பூரில் இருந்த ஆண்கள் அநாதை விடுதியைப் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் நடத்திவந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு, அதைத் தம் விடுதியில் பழக்கி, 1797-இல் லண்டனில் ஒரு நூலாக வெளியிட்டார் என்பதும், அது 'மெட்ராஸ் முறை' என்ற பெயரோடு இங்கிலாந்தில் பரவியது என்பதும் யாவரும் அறிந்ததே. நம் மணல் அங்கே போயிற்று. அங்கிருந்து நமக்கு வந்தது வயதுவாரியாக வகுத்த வகுப்பும், வருஷத்துக்கு ஒரே ஒரு தொடக்கமும்.

1854-இல் சார்லஸ் உட்டின் கல்வி அறிக்கை வந்து, அதன்பின் அரசாங்க மானியமும், இன்ஸ்பெக்டர்களும், வருகைப் பதிவேடும், ஆண்டுப் பரீட்சையும் படிப்படியாக ஏற்பட்டபோது, பள்ளிக்கூடத்தின் காலம் குழந்தையின் காலத்திலிருந்து பிரிந்துபோயிற்று. கோடை விடுமுறை முடிந்து ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கும் வழக்கம் நிலைத்துவிட்ட பிறகு, அந்தத் தொடக்கத்தில் ஐந்து வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும் என்பதே வாசலின் அளவாயிற்று. அளவு ஒன்றுதான்; ஆனால் அது எல்லோருக்கும் ஒன்றுபோல் இல்லை. வைகாசியில் பிறந்த பிள்ளை ஐந்து நிரம்பிய கையோடு உள்ளே போகிறான். ஆவணியில் பிறந்தவன் அதே தெருவில், அதே உயரத்தில், அதே அறிவோடு இருந்தும், ஐந்து நிரம்பிய பின்னும் பத்து மாதம் மணலில் விளையாடிக்கொண்டிருக்க வேண்டும். பத்து மாதம் என்பது, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு விடியற்காலையில் மீன் விற்கப் போகிற ஒரு தாய்க்கு, எண்ணூர்ப் பக்கத்து உப்பளத்தில் கால் வெடிக்க நிற்கிற ஒரு தாய்க்கு, எவ்வளவு நீளமான காலம் என்பதை விதி எழுதியவர்கள் அறிந்திருக்க நியாயமில்லை. அந்தப் பத்து மாதமும் குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்கென்று ஏழு வயதோ எட்டு வயதோ ஆன அக்காள் ஒருத்தி வீட்டில் நிறுத்தப்பட்டாள். தம்பி ஆவணியில் பிறந்தான் என்பதற்காக அக்காளின் படிப்பு நின்றது; நின்ற படிப்பு பல வீடுகளில் பிறகு தொடங்கவேயில்லை. பிறந்த மாதம் குடும்பத்துக்கு ஆகாமல் போவது என்று ஒன்று உண்டானால் அது இதுதான். ஜோசியர்கள் அதைச் சொல்லவில்லை.

ஆனால் இவ்விதி நேராக நடக்க வேண்டுமானால் முதலில் பிறந்த தேதி தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? ராயபுரத்தில் அது சிலருக்கு மிகத் துல்லியமாகத் தெரிந்தது. ஊருக்கே பெயர் தந்த இராயப்பர் கோயில், அதாவது புனித பேதுரு ஆலயம், 1829-இல் படகுத் தொழிலோரான குருகுல வம்சத்தாரின் முயற்சியால் எழுந்தது. கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த குழந்தைக்குச் சில நாட்களிலேயே ஞானஸ்நானம் கொடுத்து, பிறந்த நாளையும் பெற்றோர் பெயரையும் ஞானப்பெற்றோர் பெயரையும் பதிவேட்டில் எழுதிவைப்பது அச்சபையின் ஒழுங்கு. வசதியுள்ள இந்துக் குடும்பங்களில் ஜாதகம் இருந்தது. 1880-இல் ராஜா ஸர் சவலை ராமசாமி முதலியாரின் தருமத்தால் ராயபுரத்தில் பிரசவ ஆஸ்பத்திரி ஏற்பட்டபின், அங்கே போய்ப் பிள்ளை பெற்றவர்களுக்கு நாளும் நாழிகையும் எழுத்தில் கிடைத்தன. 1899-இலேயே சென்னை மாகாணத்துக்கு ஜனன மரணப் பதிவுச் சட்டம் வந்துவிட்டது என்றாலும், சட்டம் வந்த இடத்துக்கெல்லாம் பதிவு வந்துவிடவில்லை. மருத்துவச்சி வந்து குடிசையிலேயே பிரசவம் பார்த்த குடும்பங்களில் யாரும் போய் எழுதிவைக்கவில்லை. எழுதிவைத்தாலும் பெயரிடுவதற்கு முன்பே எழுதப்பட்டதனால், பதிவில் 'ஆண் குழந்தை' அல்லது 'பெண் குழந்தை' என்று மட்டும் இருக்கும். ஐந்து வருஷம் கழித்து இன்ன பெயருடைய பிள்ளை அந்தப் பெயரில்லாப் பிள்ளைதான் என்று நிரூபிக்க யாராலும் முடிவதில்லை. இன்னொன்றும் உண்டு. சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் கடலுக்குள் நீண்டபின் அவற்றுக்குத் தெற்கே மணல் சேர்ந்து மெரினா விரிந்தது. வடக்கே கடல் கரையை அரித்துக்கொண்டே வந்தது. அப்படிக் கடல் கொண்டுபோன வீடுகளோடு தகரப்பெட்டிகளும், பெட்டிகளுக்குள் இருந்த ஓலையும் காகிதமும் போயின.

ஆகவே, மிகுதிப்பேருக்குத் தேதி என்பது ஒரு சம்பவத்தோடு முடிந்து கிடந்த ஞாபகம். 1914 செப்டம்பர் 22 இரவில் ஜெர்மானியக் கப்பலான எம்டன் துறைமுகத்தின் மேல் குண்டு வீசி, பர்மா எண்ணெய்க் கம்பெனியின் டாங்குகள் பற்றி எரிந்தது, தமிழ்ப் பேச்சில் ஒரு சொல்லையே விட்டுச்சென்றது. அந்த இரவில் வயிற்றில் இருந்தவன், மடியில் இருந்தவன், தவழ்ந்தவன் என்று ஒரு தலைமுறைக்கே வயது கணக்கிடப்பட்டது. பிறகு 1942 ஏப்ரலில் ஜப்பானியரின் குண்டுக்கு அஞ்சி நகரமே காலியான சமயம். அதற்குப் பிறகு 1943 அக்டோபரில் வந்த பெருவெள்ளம். "வெள்ளத்துக்கு அடுத்த மாசிப் பௌர்ணமியில், தீர்த்தவாரிக்கு ஊரே போயிருந்தப்போ" என்று ஒரு தாய் சொல்லும் தேதி, உண்மையில் மிகவும் நம்பகமான தேதிதான். ஆனால் அதைச் சேர்க்கைப் பதிவேட்டின் கட்டத்துக்குள் எழுத முடியாது.

அப்போதுதான் கையும் காதும் சாட்சிக்கு வந்தன. அந்தக் காட்சியைக் கண்டவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். தலையில் எண்ணெய் வழிய வாரி, நெற்றியில் திருநீறோ, மையிட்ட திருஷ்டிப் பொட்டோ வைத்து, பெரியவனாக்கித் தைத்த கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பிள்ளை தலைமையாசிரியரின் மேஜைக்கு முன் நிற்கிறான். "வலது கையைத் தூக்கு, தலைமேல போட்டு இடது காதைத் தொடு" என்கிறார் அவர். பிள்ளை கையைத் தலைக்கு மேலே வளைக்கிறான். விரல்கள் காதுக்கு ஒரு அங்குலம் மேலேயே நிற்கின்றன. அவன் தலையைச் சாய்க்கிறான். "சாய்க்காதே, நேரா நில்லு" என்று ஆசிரியர் சொல்ல, பின்னால் நிற்கும் தாய் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு, யாரும் பார்க்காதபடி அவன் முழங்கையை மெல்ல அழுத்துகிறாள். விரல் நுனி காதின் விளிம்பில் பட்டுவிட்டால் ஐந்து வயது. படாவிட்டால் அடுத்த வருஷம்.

சிறு குழந்தைக்கு உடம்பை நோக்கத் தலை பெரிது, கை குட்டை. வளர வளரக் கை நீண்டு அந்த வித்தியாசம் குறைகிறது என்ற இயற்கையை அடியாகக் கொண்ட பரீட்சை அது. நம் நாட்டில் மட்டுமன்றி ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பல இடங்களில் கையாண்டிருக்கிறார்கள். அதை அறிவீனம் என்று நான் சொல்லமாட்டேன். ஏட்டில்லாத ஊரில் உடம்பையே ஏடாகப் படித்த உபாயம் அது. ஆயினும் அது அளந்தது வயதை அன்று, வளர்ச்சியை. நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த நாலரை வயதுப் பிள்ளைக்குக் காது எட்டியது; வருஷத்தில் பாதி நாள் கஞ்சியோடு முடிந்த ஆறு வயதுப் பிள்ளைக்கு எட்டவில்லை. எவனுக்குப் பள்ளிக்கூடம் மிகவும் அவசரமாகத் தேவைப்பட்டதோ, 1956-க்குப் பிறகு காமராஜரின் மதிய உணவு எவனுக்காக அங்கே காத்திருந்ததோ, அவனையே அந்த அளவுகோல் வாசலில் நிறுத்திவைத்த சமயங்கள் உண்டு.

கை எட்டியபின் தேதி எழுதவேண்டும். இங்கே தலைமையாசிரியரின் பேனா செய்த காரியத்தைப் பலர் பொய் என்பார்கள். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. ஜூன் மாதத்தில் ஐந்து நிரம்பியிருக்க வேண்டும். தாய்க்கோ கார்த்திகை என்பதற்கு மேல் தெரியாது. கார்த்திகை என்று எழுதினால் பிள்ளையைத் திருப்பி அனுப்பவேண்டும். ஆகவே அவர் ஐந்து வருஷத்துக்கு முந்திய மே மாதத்தில் ஒரு நாளையோ, ஜூன் 1-ஐயோ எழுதினார். அதே பெஞ்சில் அடுத்து நின்ற பிள்ளைக்கும் அதையே எழுதினார். அண்ணனையும் தம்பியையும் ஒன்றாக அழைத்துவந்த வீட்டில், இருவருக்கும் இடையில் ஆறே மாத வித்தியாசம் விழும்படி தேதிகள் அமைந்துபோய், நாற்பது வருஷம் கழித்துப் பாஸ்போர்ட்டு வேண்டிப் போனபோது அந்தத் தாயின் மானத்தையே விளக்கவேண்டிய நிலை நேர்ந்த குடும்பத்தை நான் அறிவேன்.

இங்கே ஒரு விஷயம் என் மனத்தை நீண்ட நாளாகத் தொட்டுக்கொண்டிருக்கிறது. சித்திரையும் வைகாசியுமே வீடு அஞ்சி ஒதுக்கிய பிரசவ மாதங்கள். அதற்காகவே புதுமணத் தம்பதிகள் ஆடியில் பிரிக்கப்பட்டார்கள். ஏப்ரலின் நடுவிலிருந்து ஜூனின் நடுவரையிலான அதே இரண்டு மாதங்களைத்தான் பள்ளிக்கூடம் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஜனன மாதமாக எழுதிக்கொடுத்தது. பாட்டி எந்த மாதத்தில் பேரன் பிறக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டாளோ, அந்த மாதத்திலேயே அவன் பிறந்ததாக எழுதினால்தான் அவனுக்குக் கல்வி கிடைத்தது. அப்படி எழுதப்பட்ட பிள்ளைகளால் எந்தக் குடியும் கெடவில்லை. அவர்களிலேதான் துறைமுகத்துக் கிரேன் இயக்கியவர்களும், ராயபுரம் ரயில் நிலையத்துக் குமாஸ்தாக்களும், எண்ணூர் அசோக் லேலண்டிலும் திருவொற்றியூர் என்ஃபீல்டிலும் விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலையிலும் சம்பளம் வாங்கித் தங்கைகளைக் கரையேற்றியவர்களும் தோன்றினார்கள்.

ஏனெனில், பள்ளிக்கூடம் தந்த தேதி பள்ளிக்கூடத்தோடு நிற்கவில்லை. தொழிற்சாலையின் வாசலிலும் வயதுதான் காவலாக நின்றது. 1881-இன் முதல் தொழிற்சாலைச் சட்டம் ஏழு வயதுக் குழந்தையை ஆலைக்குள் விட்டது, 1891-இல் அது ஒன்பதாயிற்று, 1922-இல் பன்னிரண்டு, 1948-இல் பதினான்கு. ஒவ்வொரு படியிலும் ஒரு டாக்டர் பிள்ளையின் வயதைச் சான்றளிக்க வேண்டியிருந்தது. ஏட்டில் தேதி இல்லாதபோது உடம்பைப் பார்த்தே முடிவு செய்தார்கள். பள்ளியில் காதைத் தொடச் சொன்ன அதே உடம்பு ஆலையில் மறுபடியும் சோதிக்கப்பட்டது. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் கையில் கிடைத்தவர்களுக்கு இந்தச் சங்கடம் தீர்ந்தது. அதில் அச்சுப்போல் ஏறிய தேதி வேதவாக்கு ஆயிற்று. வீட்டில் வேறு தேதி சொன்னால் ஒருவரும் கேட்பதில்லை. அரசுப் பணியில் சேர்ந்தவர் தேதியை மாற்றக் கோருவதானால் சேர்ந்த ஐந்து ஆண்டுக்குள் கோரவேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. வேலை கிடைத்த மகிழ்ச்சியில் இருந்த இருபத்துமூன்று வயதுப் பிள்ளைக்கு, அப்போது ஓய்வு வயதாக இருந்த ஐம்பத்தெட்டைப் பற்றி என்ன ஞாபகம் இருந்திருக்கும்?

அந்த ஐம்பத்தெட்டு வந்தபோதுதான் ஜூன் 1 தன் முழு வலிமையைக் காட்டியது. மாதத்தின் எந்த நாளில் பிறந்தவரும் அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுவார். முதல் தேதியில் பிறந்தவர் மட்டும் முந்திய மாதக் கடைசியிலேயே ஓய்வு பெறவேண்டும் என்பது அரசு விதி. தலைமையாசிரியர் கைபோன போக்கில் எழுதிய '1' என்ற எண், ஒரு மாதச் சம்பளத்தைக் கொண்டுபோயிற்று. பிறந்தது கார்த்திகையாக இருந்து முந்திய ஜூன் என்று எழுதப்பட்டவருக்கு ஆறு மாதம் போயிற்று. வயது முதிர்ந்து தாமதமாகப் பள்ளியில் சேர்ந்தவருக்கோ ஒரு வருஷமும் இரண்டு வருஷமும் கூடுதலாகக் கிடைத்தது. அண்டை மாநிலமான கேரளத்தில் மே 31 அன்று ஒரே நாளில் ஆயிரக்கணக்கான அரசு ஊழியர்கள் ஓய்வு பெறுவதும், அந்த வருஷத்து ஓய்வூதியப் பணிக்கொடைக்காகக் கஜானா திணறுவதும் பத்திரிகைகளில் வருஷந்தோறும் வரும் செய்தி. அதுவும் இதே பேனா, இதே ஜூன் மாதத்து வாசல். நம் ஆசிரியர்களின் விஷயத்தில் பிறந்த மாதம் இன்னொரு வகையாகவும் பயன்பட்டது: கல்வியாண்டின் நடுவில் ஓய்வு வயதை எட்டுகிறவரை ஆண்டு முடியும்வரை மறுநியமனத்தில் வைத்துக்கொள்ளும் வழக்கம் இங்கே உண்டு. தம் மாணவர்களுக்கெல்லாம் மே மாதத்தை எழுதிக்கொடுத்த ஆசிரியர், தாம் ஆவணியில் பிறந்திருந்தால் அதன் பயனை அடைந்தார்.

வகுப்புக்குள்ளே பிறந்த மாதம் என்ன செய்கிறது என்பதை உலகம் சமீபகாலமாகத்தான் அளந்து பார்க்கிறது. பெடார்டு, தூயி என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2006-இல் பல நாடுகளின் பரீட்சை முடிவுகளை ஆராய்ந்து, நான்காம் வகுப்பில் வயதில் இளைய பிள்ளைகள் மூத்த பிள்ளைகளைவிட நூற்றுவரிசையில் 4 முதல் 12 இடம் வரை பின்தங்குகிறார்கள் என்றும், எட்டாம் வகுப்பிலும் அந்த இடைவெளி முழுவதும் மறைவதில்லை என்றும் காட்டினார்கள். ஐந்து வயதில் பதினொரு மாதம் என்பது வாழ்ந்த வாழ்நாளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அல்லவா? நம் பழைய வடசென்னை வகுப்பறையில் இந்த வித்தியாசம் பதினொரு மாதத்தோடும் நிற்கவில்லை. ஏட்டில் எல்லோரும் ஜூன் பிள்ளைகள். பெஞ்சிலோ நாலரை வயதும் ஏழு வயதும் அருகருகே உட்கார்ந்திருந்தன. 'மக்கு' என்று பெயரெடுத்துப் பின்வரிசையில் அழுத பிள்ளைகளில் எத்தனை பேர் வெறும் சின்னப் பிள்ளைகளாக இருந்தார்கள் என்பதை எண்ணும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது. ஏட்டைப் பார்த்து அவர்களுக்காகப் பேசியிருக்கக்கூடிய ஒருவருக்கும், ஏடே பொய் சொன்னதனால், உண்மை தெரியாமல் போயிற்று.

1969-இன் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்து, ஆஸ்பத்திரிப் பிரசவமும் பொதுவான பிறகு இந்தக் கதை மெல்ல மெல்ல முடிவுக்கு வந்தது. 2009-இன் கல்வி உரிமைச் சட்டம், வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தக் குழந்தையையும் திருப்பி அனுப்பக்கூடாது என்று சொல்லிற்று. ஏழைக் குடும்பங்களுக்கு அது பெரிய ஆறுதல். 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழே பள்ளிச் சேர்க்கைக்கும் பிறவற்றுக்கும் ஒரே ஆதாரம் என்று ஆகிவிட்டது. தேதி இப்போது உண்மையானது. ஆனால் வாசல் பழைய வாசல்தான். தனியார் பள்ளிகளில் இலவச இடம் கோருகிறவர்களுக்கு ஜூலை 31 எல்லை: அன்றைக்குள் மூன்று நிரம்பினால் எல்.கே.ஜி., ஐந்து நிரம்பினால் ஒன்றாம் வகுப்பு. ஆடி மாதத்தின் நடுவே அந்தக் கோடு விழுகிறது. அரசுப் பள்ளிகள் சில வருஷமாக விஜயதசமி அன்று வாசலைத் திறந்துவைத்துப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வதைக் காணும்போது, திண்ணைப் பள்ளியின் பழைய தாட்சணியம் எங்கோ ஒரு மூலையில் பிழைத்திருக்கிறது என்று மகிழ்ச்சியாக இருக்கிறது.

காசிமேட்டில் எனக்குப் பழக்கமான ஒரு பெரியவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கார்த்திகைத் தீபத்தன்று விளக்கேற்றும் நேரத்தில் பிறந்தவர் என்று தாயார் சொல்லியிருக்கிறார், எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் ஜூன் 1. ஜூன் 1 அன்று பாங்கியிலிருந்து அவர் கைபேசிக்கு வாழ்த்து வருகிறது. கார்த்திகை அன்று மகள் பொரியுருண்டை பிடித்துக் கொண்டுவந்து கொடுக்கிறாள். அவருடைய பேத்தி ராயபுரத்துப் பிரசவ ஆஸ்பத்திரியில் ஆகஸ்ட் 3-ஆம் தேதி பிறந்தாள். ஆடிப் பதினெட்டு, வீட்டார் தேடினாலும் கிடைக்காத நல்ல நாள் என்று கொண்டாடினார்கள். சென்ற ஜூனில் அவளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க ஒரு பள்ளிக்குக் கொண்டுபோனபோது, மூன்று நாள் குறைகிறது, அடுத்த வருஷம் வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் நான் போயிருந்தேன். வலை பின்னும் திண்ணையில் பேத்தியை எதிரே நிறுத்தி, "கையத் தூக்கும்மா, தலைமேல போட்டுக் காதத் தொடு பாக்கலாம்" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அவளுக்கு அது என்ன விளையாட்டு என்று புரியவில்லை. தலையைச் சாய்க்காமல், நேராக நின்று, வலது கையை வளைத்தாள். நடுவிரல் காதைத் தாண்டித் தோட்டைத் தொட்டது.